சொந்தத் தோட்டத்தையும் காப்போம்

(வாலிபர் ஊழியத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு)



இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளும் காரியம் எனக்கு எழுத எளிதானதல்ல. பிறருடைய குறையை எடுத்துக்காட்டி எழுதுவது இலேசு. தன் வீட்டுக் கதவைத் திறந்து காட்டுவது கடினம். ஆயினும் பட்டணங்களில் வேலையும் பார்த்துக்கொண்டு, மாலை நேரங்களில் வாலிபர் மத்தியில் ஊழியமும் செய்துவரும் அநேக சகோதர சகோதரிகளுக்கு இது பிரயோஜனமாயிருக்கும் என்று கர்த்தர் என் உள்ளத்தில் உணர்த்தியபடியால் எழுதுகிறேன்.

அந்த மழைநாள்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. அன்று மும்பையில் இருந்த எவரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு கரை புரண்டது. லோக்கல் ரயில்கள் நின்றுபோயின. அலுவலகம் சென்றவர்கள் மார்பளவு தண்ணீரில் மைல்கணக்காக நடந்து வீடு திரும்பினார்கள், திரும்பாதவர்களும் உண்டு.

ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி எங்கள் சபையில் வாலிபர் முகாம் நடைபெறவிருந்தது. அதன் ஆயத்தத்துக்காக அன்று நான் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாராவியில் உள்ள சபை மண்டபத்தில் எட்டு வாலிபரோடு இருந்தேன். பிற்பகலில் மழை வலுத்தது. மாலைக்குள் மண்டபத்தின் படிகளைத் தண்ணீர் தொட்டுவிட்டது. உடனே ஜெபித்துவிட்டு நாங்கள் வெளியே இறங்கினோம். தாழ்வான சந்துகளில் வசித்த விசுவாசிகளின் வீடுகளிலிருந்து இரண்டு முதியவர்களையும், ஒரு கைக்குழந்தையையும், நடக்க இயலாத ஒரு சகோதரியையும் சுமந்து வந்து மாடியில் சேர்த்தோம். கர்த்தர் எங்களுக்குப் பெலன் தந்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரவு ஏழு மணியளவில் ஒரு தம்பி என்னிடம், “அண்ணா, உங்கள் மகன் பள்ளியிலிருந்து வந்துவிட்டானா?” என்று கேட்டான். அதுவரை அந்தக் கேள்வி என் மனதில் எழவே இல்லை. என் மனைவி மருத்துவமனை ஒன்றில் தாதியாகப் பணியில் இருந்தாள். மூன்று வயது மகள் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தாள். தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. நான் தண்ணீரில் இறங்கி நடந்தேன். சயானில் இருந்த பள்ளியைச் சேர்ந்தபோது மணி ஒன்பதைக் கடந்திருந்தது.

முதல் மாடியின் படிக்கட்டில் ஓர் ஆசிரியை மெழுகுவர்த்தியும் கையில் ஒரு பட்டியலுமாக நின்றுகொண்டிருந்தார். பெயர் என்ன, எந்த வகுப்பு, எந்தப் பிரிவு என்று கேட்டார். மகன் பெயரைச் சொல்லி, நான்காம் வகுப்பு, பி பிரிவு என்றேன். அவர் பட்டியலைப் பார்த்தார். அந்தப் பிரிவில் அப்படி ஒரு பெயர் இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் யாவரையும் அழைத்துச் சென்றுவிட்டார்கள் என்றார். வெள்ளத்தில் நடந்தபோது நடுங்காத என் கால்கள் அந்தப் படிக்கட்டில் நடுங்கின. பிள்ளை யாரோடு சென்றானோ, எந்தத் தெருவில் எந்தத் தண்ணீரில் இருக்கிறானோ என்று என் சிந்தை ஓடியது.

அப்பொழுது உள்ளே இருந்த ஒரு பெஞ்சிலிருந்து என் மகனுடைய குரல் கேட்டது. “அப்பா, நான் அஞ்சாவது, சி.”

பள்ளி திறந்து ஆறு வாரங்களாகியிருந்தன. அவன் புதிய வகுப்புக்கும் புதிய பிரிவுக்கும் சென்றிருந்ததை நான் அறியவில்லை. அதே வாரத்தில்தான் முகாமுக்காக அறுபத்திரண்டு வாலிபருடைய பெயரையும், கல்லூரியையும், ஜெப விண்ணப்பத்தையும் ஒரு தாளையும் பார்க்காமல் எழுதிக் கொடுத்திருந்தேன்.

வழியில் அவன் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் என் மனைவியிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை வாலிபர் கூட்டத்தில், வெள்ளத்தின் நடுவே கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொன்னேன். சபையார் கரங்களைத் தட்டி தேவனை மகிமைப்படுத்தினார்கள். என் சாட்சியில் அந்தப் படிக்கட்டு இடம்பெறவில்லை.

அன்று உணர்ந்திருக்க வேண்டும். ஆனால் நான் மேலும் ஐந்து ஆண்டுகள் அப்படியே ஓடினேன். 2010-ஆம் ஆண்டு, மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, “இனி நீயும் வாலிபர் கூட்டத்துக்கு வரலாமே” என்று அழைத்தேன். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: “அது உங்கள் கூட்டம், அப்பா.” அந்த இரவுதான் நான் முழங்காலில் நின்றேன்.

ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம்?

பிரியமானவர்களே, ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கை என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். கர்த்தர் ஏழைக்கும் ஐசுவரியவானுக்கும் ஒரு வாரத்தில் 168 மணி நேரமே தந்திருக்கிறார். பட்டணத்தில் வேலை நாள் ஒன்றுக்கு ஒன்பது மணி நேரம் என்றால் ஆறு நாளைக்கு 54. வீட்டிலிருந்து புறப்பட்டு, ரயில் ஏறி, இறங்கி, மறுபடியும் வீடு சேர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், ஆக 18. உறக்கத்துக்கு 49. இவை மூன்றும் சேர்ந்தால் 121. மீதி 47.

குளிப்பதும், உண்பதும், குழாயில் தண்ணீர் பிடிப்பதும், கடைக்குப் போவதும் சேர்த்து 17 மணி நேரம் போனால் கையில் நிற்பது 30. இனி ஊழியத்தைக் கணக்கிடுவோம். செவ்வாய் வீட்டு ஜெபக்கூட்டம் போய்வர 3. புதன் வேதபாடம் 2. வியாழன் பாடற்குழுப் பயிற்சி 2. வெள்ளி உபவாச ஜெபம் 3. சனிக்கிழமை வீடு சந்திப்பும் வாலிபர் கூட்டமும் 5. ஞாயிறு காலை ஆராதனை முதல் மாலை கைப்பிரதி ஊழியம் வரை 9. மொத்தம் 24. அப்படியானால் மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கும் மீந்திருப்பது ஆறு மணி நேரம்.

அந்த ஆறு மணி நேரமாவது முழுமையாக அவர்களுக்குக் கிடைக்கிறதா? இக்காலத்தில் கைப்பேசி இருக்கிறது. வாலிபர் குழுவின் செய்திகள் இரவு பதினோரு மணிக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கண்களோ வேறு எவருடைய பிள்ளைக்கோ ஆறுதல் எழுதிக்கொண்டிருக்கின்றன. நான் ஊழியத்தைக் குறைசொல்லவில்லை. கணக்கைத்தான் சொல்லுகிறேன். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலாவது உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவரே போதித்திருக்கிறார் (லூக்கா 14:28).

ஊரில் இருந்தவர்கள் இங்கே இல்லை

நம்மில் பலர் திருநெல்வேலியிலிருந்தும், தூத்துக்குடியிலிருந்தும், கன்னியாகுமரியிலிருந்தும், வட ஆற்காட்டிலிருந்தும் பிழைப்புக்காக இப்பட்டணங்களுக்கு வந்தவர்கள். ஊரில் தகப்பன் ஊழியத்துக்குப் போனால் வீட்டில் தாத்தா இருப்பார். பாட்டி கதை சொல்லுவார். பெரியப்பா வீட்டுப் புத்தகங்கள் அடுத்த வாசலில் இருக்கும். தெருவில் தவறு செய்தால் சித்தி காதைத் திருகுவார். ஒரு பிள்ளையைக் கவனிக்கப் பத்துக் கண்கள் இருந்தன.

இங்கே, பத்துக்குப் பத்து அறையில், அந்தப் பத்துக் கண்களின் வேலையையும் இரண்டு பேர் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் மாலைதோறும் வெளியே போய்விட்டால், மற்றவர் அடுப்படியில் நின்றுவிட்டால், பிள்ளையை வளர்ப்பது யார்? தொலைக்காட்சியும், கைப்பேசியும், மாடிப்படி நண்பர்களும்தான்.

இன்னும் ஒரு காரியம் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், இந்தியும், அந்தந்த மாநில மொழியும் படிக்கிறார்கள். தமிழைப் படிக்க அநேகருக்கு வீட்டைத் தவிர வேறு இடமில்லை. வீட்டில் தமிழ் வேதாகமத்தைத் திறந்து அருகில் உட்கார்ந்து வாசிக்கக் கற்றுக்கொடுக்க எவரும் இல்லையானால், சபையில் பிரசங்கிக்கப்படும் வார்த்தை அவர்களுடைய காதில் விழும், இருதயத்தில் விழாது. பதினெட்டு வயதில் அவர்கள் ஆராதனையில் சலிப்படைவதைக் கண்டு உலகம் இழுத்துவிட்டது என்று துக்கப்படுகிறோம். எட்டு வயதில் நாம் அருகில் உட்காராததை நினைப்பதில்லை. என் மகனுக்கு இன்றும் தமிழ் வேதாகமம் சரளமாக வாசிக்க வராது. என் மகள் நன்றாக வாசிக்கிறாள். இருவருக்கும் புத்தியில் வேறுபாடு இல்லை. மகளோடு நான் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

கொர்பான் என்னும் சாக்கு

மாற்கு ஏழாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொள்ளும் ஒரு பகுதி உண்டு (மாற்கு 7:9-13). அக்காலத்தில் ஒருவன் தன் தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்கென்று கொடுக்கப்பட்ட காணிக்கை, என்று சொல்லிவிட்டால் பெற்றோருக்கு உதவி செய்யும் கடமையிலிருந்து விடுபட்டுவிடலாம் என்று போதித்துவந்தார்கள். தேவனுடைய பெயரைச் சொல்லியே தேவனுடைய கற்பனையை அவமாக்கினார்கள் என்பது ஆண்டவருடைய குற்றச்சாட்டு.

நானும் என் சனிக்கிழமைகளைக் கொர்பான் ஆக்கினேன். மனைவி கேட்டால் “ஊழியம்” என்றேன். பெற்றோர் கூட்டத்துக்குப் பள்ளியிலிருந்து சீட்டு வந்தால் “ஊழியம்” என்றேன். அந்த வார்த்தைக்கு எதிர்த்துப் பேச ஒரு கிறிஸ்தவ மனைவியால் இயலாது. அதை அறிந்தே அதைப் பயன்படுத்தினேன். அலுவலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பாள்.

தன் சொந்த வீட்டை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது (1 தீமோத்தேயு 3:4,5) குடும்பத்தை ஊழியத்துக்குத் தடையாக எண்ணவில்லை. ஊழியத்துக்குத் தகுதியைச் சோதிக்கும் இடமாகவே வைக்கிறார்.

இரண்டு வீடுகள்

சாமுவேல் தீர்க்கதரிசியின் காரியத்தை யோசித்துப் பாருங்கள். சிறு பிள்ளையாயிருந்தபோதே ஏலியின் வீட்டில் வளர்ந்தவர். ஓப்னியும் பினெகாசும் கெட்டுப்போனதைக் கண்ணால் கண்டவர். ஏலி தன் குமாரரை அடக்கவில்லை என்னும் கர்த்தருடைய நியாயத்தீர்ப்பைத் தம் இளம் வாயினாலேயே அறிவித்தவர் (1 சாமுவேல் 3:13,18). பின்பு அவர் வருஷந்தோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்னும் ஊர்களைச் சுற்றி இஸ்ரவேலை நியாயம் விசாரித்தார். ராமாவில் அவருடைய வீடு இருந்தது (7:16,17). முடிவில் நடந்தது என்ன? அவருடைய குமாரராகிய யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் (8:1-3). அதையே காரணமாகச் சொல்லி மூப்பர்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைக் கேட்டார்கள். சாமுவேலின்மேல் ஒரு குற்றமும் சாட்ட இஸ்ரவேலில் ஒருவரும் இல்லை. ஆனாலும் பிறர் வீட்டில் கண்ட ஆபத்து தம் வீட்டிலும் வரக்கூடும் என்பதற்கு அவரே சாட்சியாகிவிட்டார்.

இனி மற்றொரு வீட்டைப் பாருங்கள். பிலிப்பு பந்தி விசாரிப்புக்குத் தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரில் ஒருவர். சமாரியாவில் எழுப்புதலைக் கண்டவர். எத்தியோப்பிய மந்திரிக்குச் சுவிசேஷம் அறிவித்து, பட்டணம் பட்டணமாகப் பிரசங்கித்து, செசரியாவுக்கு வந்து சேர்ந்தவர் (அப்போஸ்தலர் 8:40). பல ஆண்டுகளுக்குப் பின் பவுல் அவர் வீட்டில் தங்கியபோது, அங்கே தீர்க்கதரிசனம் சொல்லுகிற நான்கு குமாரத்திகள் இருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார் (21:8,9). சுவிசேஷகர் என்னும் பட்டம் வேதத்தில் எவருக்குக் கொடுக்கப்பட்டதோ, அவருடைய வீட்டிலேயே அபிஷேகம் தங்கியிருந்தது. குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்லுவார்கள் என்னும் வாக்குத்தத்தத்தைப் பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அந்தக் குமாரரும் குமாரத்திகளும் முதலாவது நம்முடையவர்கள் அல்லவா?

செராம்பூரின் சிறுவர்கள்

நம் தேசத்தின் மிஷனரி வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. வில்லியம் கேரி 1793-ஆம் ஆண்டு நவம்பரில் தம் மனைவி டாரதியோடும் நான்கு பிள்ளைகளோடும் வங்காளத்தில் வந்திறங்கினார். மறுவருஷமே ஐந்து வயதுச் சிறுவனாகிய பீட்டர் நோயினால் மரித்தான். டாரதியின் மனநிலை குலைந்தது. 1807-இல் மரிக்கும்வரை அவர் சுகமடையவில்லை. கேரியோ மொழிபெயர்ப்பிலும் போதனையிலும் அச்சுப்பணியிலும் இரவு பகல் உழைத்தார். 1801-இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. நம் தேசம் அவருக்கு மிகுந்த கடன்பட்டிருக்கிறது.

ஆனால் அந்நாட்களில் அவருடைய பிள்ளைகள் கவனிப்பாரின்றி, கட்டுப்பாடின்றித் திரிந்தார்கள். செராம்பூரில் அதைக் கண்டு துக்கப்பட்டவர் ஹன்னா மார்ஷ்மன் அம்மையார். அவரும் அச்சுப்பணியைக் கவனித்துவந்த வில்லியம் வார்டும் அச்சிறுவர்களைத் தங்கள் பிள்ளைகளைப் போல் ஏற்றுக்கொண்டார்கள். மூத்தவனாகிய பெலிக்ஸ் வார்டின் கவனிப்பினாலே மனந்திரும்பி, 1800-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹூக்ளி ஆற்றில், கிருஷ்ணபால் ஞானஸ்நானம் பெற்ற அதே நாளில் ஞானஸ்நானம் பெற்றான். தகப்பனால் இயலாமற்போனபோது சபை அந்தப் பிள்ளைகளை விட்டுவிடவில்லை. இதை ஊழியக்காரரும் நினைவில் வைக்க வேண்டும். சபையாரும் நினைவில் வைக்க வேண்டும்.

எத்திரோவின் ஆலோசனை

2010-இல் நான் என் போதகரிடம் சென்று எல்லாவற்றையும் அறிக்கையிட்டு, வாலிபர் ஊழியத்திலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவுமில்லை, விலகச் சொல்லவுமில்லை. யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வரச் சொன்னார்.

மோசே காலமே தொடங்கிச் சாயங்காலமட்டும் உட்கார்ந்து ஜனங்களை நியாயம் விசாரித்ததும், மாமனாகிய எத்திரோ அதைக் கண்டு நல்லதல்ல என்று சொன்னதும், ஆயிரம்பேருக்கும், நூறுபேருக்கும், ஐம்பதுபேருக்கும், பத்துப்பேருக்கும் அதிபதிகளை ஏற்படுத்தச் சொன்னதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தை நான் கவனித்ததே இல்லை. எத்திரோ தனியாக வரவில்லை. மோசே திரும்ப அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்னும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பேரப்பிள்ளைகளைத் தகப்பனிடம் கொண்டுவந்து சேர்த்த தாத்தா சொன்ன ஆலோசனை அது. அதற்கு மறுநாளும் மோசே சாயங்காலமட்டும் நியாயஸ்தலத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆலோசனையின்படி எங்கள் சபையில் வாலிபர் ஊழியம் நால்வருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. நான் செய்ததைவிட அவர்கள் நன்றாகவே செய்தார்கள். என்னால்தான் எல்லாம் நடக்கிறது என்று நான் எண்ணியிருந்தது பெருமை என்பதை அப்போது கண்டுகொண்டேன். அந்த அனுபவத்திலிருந்து சில காரியங்களை உங்களுக்குத் தாழ்மையோடு சொல்லுகிறேன்.

முதலாவது, வாரத்தில் ஒரு மாலையை வீட்டுக்கென்று குறித்துவிடுங்கள். மீதியான நேரத்தைத் தருகிறேன் என்று சொல்லாதேயுங்கள். பட்டணத்தில் நேரம் மீதியாவதில்லை. எங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை. அன்று கூட்டம் இல்லை, சந்திப்பு இல்லை, கைப்பேசி அலமாரியில். மரணமோ மருத்துவமனையோ என்றால் மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக நேரம் கொடுங்கள். இங்கிலாந்தின் எப்வொர்த் என்னும் ஊரில் போதகரின் மனைவியாயிருந்த சூசன்னா வெஸ்லி பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பத்துப் பேர் உயிரோடு வளர்ந்தார்கள். அவ்வளவு பெரிய வீட்டிலும் அவர் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச ஒரு நேரம் குறித்திருந்தார். பிற்காலத்தில் பெரிய எழுப்புதல் ஊழியராக விளங்கிய ஜான் வெஸ்லிக்கு வியாழக்கிழமை மாலை. அவர் வளர்ந்து ஊழியக்காரரான பின்பும், அந்த வியாழக்கிழமை நேரத்தைத் தமக்காக ஒதுக்கித் தரும்படி தாய்க்கு எழுதிக் கேட்டுக்கொண்டார். பத்துப் பிள்ளைகளின் தாய்க்கு இயன்றது இரண்டு பிள்ளைகளின் தகப்பனுக்கு இயலாதா?

மூன்றாவது, குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாகவும் தவறாமலும் வையுங்கள். ஒரு மணி நேர ஜெபத்தை மாதத்தில் மூன்று முறை நடத்துவதிலும், பதினைந்து நிமிட ஜெபத்தைத் தினமும் நடத்துவது மேல். ஐந்து வசனம் போதும். பிள்ளை தன் விரலை வைத்துத் தமிழில் வாசிக்கட்டும். அவன் தவறாக வாசித்தால் அவசரப்பட்டுத் திருத்தாதேயுங்கள்.

நான்காவது, பள்ளியின் நாட்காட்டியைச் சபையின் நாட்காட்டிக்கு அருகில் தொங்கவிடுங்கள். பெற்றோர் கூட்டமும் தேர்வு நாட்களும் உபவாசக் கூட்டங்களைப் போலவே முன்னதாகக் குறிக்கப்பட வேண்டும். பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் விசேஷ கூட்டங்களின் பொறுப்பை வேறொரு சகோதரனிடம் ஒப்புவிப்பது அவிசுவாசமல்ல.

ஐந்தாவது, பிள்ளைகளை ஊழியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஊழியத்துக்கு அவர்களை ஓர் அலங்காரமாக்காதேயுங்கள். “ஊழியக்காரர் பிள்ளை இப்படிச் செய்யலாமா” என்று கேட்டுக் கேட்டே அநேக பிள்ளைகளைச் சபையைவிட்டு வெளியே அனுப்பியிருக்கிறோம்.

இன்னொரு புறமும் உண்டு

இதை வாசித்துவிட்டு, “குடும்பந்தான் முக்கியம், இனி எனக்கு ஊழியம் வேண்டாம்” என்று ஒருவரும் தீர்மானிக்க வேண்டாம். பெண்ணை விவாகம்பண்ணினேன், ஆகையால் வரக்கூடாது என்று போக்குச் சொன்னவனையும் ஆண்டவர் உவமையில் காட்டியிருக்கிறார் (லூக்கா 14:20). வேலை தேடிப் பட்டணத்துக்குத் தனியாக வரும் வாலிபர் எத்தனை பேர்! வாடகை அறையில் நான்கு பேராகத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும் அவர்களுக்கு நாம்தானே அண்ணனும் அக்காவும்? அவர்களை விட்டுவிடக் கூடாது. மாதத்தில் ஒருமுறை அவர்களில் இருவரை உங்கள் வீட்டுப் பந்திக்கு அழையுங்கள். ஒரு குவளைச் சாம்பாரும் ஒரு பாட்டும் போதும். ஊழியம் வீட்டுக்குள் வரும். வீடும் ஊழியத்துக்குள் வரும். உங்கள் பிள்ளையும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பான்.

சபை மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உற்சாகமுள்ள ஒரு வாலிபர் தலைவர் கிடைத்தால் எல்லாப் பொறுப்பையும் அவர்மேல் ஏற்றுவது நம் வழக்கம். புதிதாக விவாகம்பண்ணினவனை யுத்தத்துக்கும் வேறே அலுவலுக்கும் அனுப்பாமல் ஒரு வருஷம் வீட்டில் இருக்க விடும்படி நியாயப்பிரமாணம் கட்டளையிட்டது (உபாகமம் 24:5). நம் சபைகளிலோ விவாகம் முடிந்த வாரமே அவரைப் பாடற்குழுவில் தேடுகிறோம். அவருடைய மனைவியிடம், “சகோதரி, வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்?” என்று தனியாக விசாரிக்க ஒரு மூத்த சகோதரி சபையில் இருக்கட்டும். ஹன்னா மார்ஷ்மன் அம்மையாருக்கு இருந்த கண்கள் நம் சபைகளிலும் தேவை.

வெட்டுக்கிளிகள் பட்சித்த வருஷங்கள்

என் மகன் இன்று வேறொரு பட்டணத்தில் வேலை செய்கிறான். கர்த்தரை அறிந்திருக்கிறான், அங்கே ஒரு சபைக்கும் போகிறான். அது தேவனுடைய கிருபையும் அவன் தாயின் ஜெபமுமேயன்றி என் பிரயாசம் அல்ல. தாயோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசுவான். நான் வாங்கினால், “நல்லா இருக்கீங்களா, அப்பா?” என்று கேட்டுவிட்டு மௌனமாகிவிடுவான். எனக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. பேசிப் பழகியிருக்க வேண்டிய வருஷங்களில் நாங்கள் பேசவில்லை.

ஒருநாள் துணிந்து அந்தப் படிக்கட்டைப்பற்றி அவனிடம் பேசினேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் சிறிது நேரம் மௌனமாயிருந்து, “அன்றைக்கு நீங்கள் வந்தீர்களே, அப்பா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அதுமுதல் வியாழக்கிழமைதோறும் இரவு நானே அவனை அழைக்கிறேன். தொடக்கத்தில் இரண்டு நிமிடத்துக்குமேல் பேச்சு ஓடவில்லை. இப்போது சில வாரங்களில் பத்து நிமிடமாகிறது. வெட்டுக்கிளிகள் பட்சித்த வருஷங்களின் விளைவைத் திரும்ப அளிப்பதாக வாக்களித்த தேவன் (யோவேல் 2:25) அதைப் பத்து நிமிடம் பத்து நிமிடமாகத் திரும்பத் தருகிறார். நான் அவரைத் துதிக்கிறேன்.

ஆனால் உங்களுக்கு அந்த வருஷங்கள் இன்னும் கையில் இருக்கின்றன. இந்தப் பத்திரிகையை மூடிவைக்குமுன் உங்கள் பிள்ளையை அருகில் அழையுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பிரிவு, ஆசிரியர் பெயர் என்ன, அருகில் உட்காருகிற நண்பன் யார் என்று கேளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தெரியாவிட்டால் வெட்கப்படாதேயுங்கள், இன்றைக்குத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, எங்களை நம்பி நீர் கொடுத்த வாலிபருக்காகவும், எங்கள் வீட்டில் நீர் வைத்த பிள்ளைகளுக்காகவும் ஸ்தோத்திரம். உமது நாமத்தைச் சொல்லி வீட்டை மறந்த நேரங்களை மன்னியும். இரண்டையும் உண்மையாய்ச் செய்யப் பரிசுத்த ஆவியானவரின் ஞானத்தைத் தாரும். எங்கள் குமாரரையும் குமாரத்திகளையும் உமது ஆவியினால் நிரப்பும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.